கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வெளி மானிட்டர் தெரியவில்லை: லினக்ஸ் மின்ட், என்விடியா

பத்திரப்பறவை (குருசுக்குப்பம், புதுச்சேரி)

வணக்கம். என் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21.3, சினமன். உள்ளே இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, கூடவே என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 ஒன்று. எச்டிஎம்ஐ வழியாக 24 அங்குல மானிட்டர் மாட்டியிருக்கிறேன். அப்டேட் மேனேஜரில் புதுக் கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) வந்தது, போட்டேன். அதன் பிறகு மானிட்டரைச் செருகினால் 'நோ சிக்னல்'தான். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் லேப்டாப் திரை மட்டும் தெரிகிறது, இரண்டாவது கட்டமே வரவில்லை. கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று. அதே மானிட்டரை வீட்டு செட்டாப் பாக்ஸில் மாட்டினால் படம் பளிச்சென்று வருகிறது.

இரண்டு திரை எனக்கு ஆடம்பரம் இல்லை. பிரெஞ்சுக் காலத்து நோத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சு அதிகாரி) பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். 1930-களின் கையெழுத்து, ஓரத்தில் பொடிப்பொடியாகத் திருத்தம், ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் சுருக்கொப்பம். மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி முழுப் பக்கத்தையும் விரித்து வைத்தால்தான் எந்தத் திருத்தம் எந்த வரிக்கு என்று பிடிபடும். லேப்டாப் திரையில் பாதி பாதியாக நகர்த்திப் படித்தால் எல்லைமாலில் தெற்கு வடக்காகிவிடும். இப்போது கையில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. உதவி தேவை.

சன்னல்காரன்

விண்டோஸ் போடுங்க மேடம். செருகினா தெரியும். முடிஞ்சது கதை.

லாஸ்பேட்டை லினக்ஸ்

அக்கா, எனக்கும் இதே மாதிரி வந்திருக்கு. டெர்மினல்ல போய் என்விடியான்னு ஆரம்பிக்கிற எல்லா பேக்கேஜையும் பர்ஜ் பண்ணிடுங்க. அப்புறம் ரீஸ்டார்ட், டிரைவர் மேனேஜர்ல போய் இருக்கறதுலயே பெரிய நம்பரா பாத்து இன்ஸ்டால் பண்ணுங்க. அதுவும் ஆகலன்னா என்விடியா சைட்லேர்ந்தே ரன் ஃபைல் இறக்கிப் போட்டுடலாம்.

கெடிலக்கரையான் (கடலூர்)

மேடம், கொஞ்சம் பொறுங்க. எதையும் அழிக்காதீங்க. தம்பி சொன்னது சில சமயம் வேலை செய்யும், ஆனா எதனால வேலை செஞ்சதுன்னு அவருக்கே தெரியாது. முக்கியமா அந்த ரன் ஃபைல் பக்கம் போகவே வேண்டாம். அது பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாம உள்ள போய் உட்காரும். அடுத்த கர்னல் அப்டேட்ல திரும்ப அடம்பிடிக்கும். அதைக் கழற்றாம மின்ட்டோட டிரைவரைப் போட்டா இரண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும்.

முதல்ல தெரிய வேண்டியது ஒண்ணுதான்: உங்க எச்டிஎம்ஐ துளை எந்தச் சிப்போட பேசுது?

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்ல உள்திரை பெரும்பாலும் இன்டெல் பொறுப்பு. எச்டிஎம்ஐ துளை மாடலுக்கு மாடல் மாறும். கேமிங் வகை லேப்டாப் பலதுல அது நேரா என்விடியா சிப்புலேர்ந்துதான் கிளம்புது. அப்படி இருந்தா, என்விடியா டிரைவர் ஏறலைன்னா உள்திரை எந்தக் குறையும் இல்லாம ஓடும், எச்டிஎம்ஐ மட்டும் செத்துக் கிடக்கும். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கிற ஃபேன் சுத்தும், அந்த லைன்ல இல்லாத பிளக் பாயிண்ட் சுத்தாது, அந்த மாதிரி. அங்க போய் கேபிளை மாத்தி மாத்திச் செருகி என்ன பிரயோஜனம்?

இதைப் பார்க்க மூணு விஷயம் சொல்லுங்க.

'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'கே' விருப்பத்தோட ஓட்டுங்க. என்விடியா கார்டுக்குக் கீழ 'கர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி இருக்கா, இருந்தா அதுல என்ன பேர்?

'சிஸ்' அடைவுக்குள்ள 'கிளாஸ்', அதுக்குள்ள 'டிஆர்எம்'. அங்க கார்டு0, கார்டு1னு ஆரம்பிக்கிற பேரெல்லாம் எழுதுங்க. ஒவ்வொரு துளையும் எந்தக் கார்டோட பிள்ளைன்னு அந்தப் பேர்லயே இருக்கும். உள்ள 'ஸ்டேட்டஸ்'னு ஒரு கோப்பு, அதுல 'கனெக்டட்'டா 'டிஸ்கனெக்டட்'டான்னு ஒரே வார்த்தை. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் ஜன்னலை விட இது நம்பகமான சாட்சி.

மூணாவது, ரீஸ்டார்ட் பண்ணி க்ரப் மெனுவுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னல்ல ஏறிப் பாருங்க. மெனு வரலைன்னா ஷிஃப்ட்டோ எஸ்கேப்போ அழுத்துங்க.

பத்திரப்பறவை

நன்றி சார். பார்த்துவிட்டேன்.

என்விடியா கார்டுக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியே இல்லை. 'கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி மட்டும் இருக்கிறது. அதில் என்விடியாஎஃப்பி, நூவோ, என்விடியா டிஆர்எம், என்விடியா என்று நான்கு பெயர்கள்.

டிஆர்எம் அடைவில் எல்லாமே கார்டு0. இடிபி-1 (லேப்டாப்பின் உள்திரை) 'கனெக்டட்'. கார்டு1 என்று எதுவுமே இல்லை.

பழைய கர்னலிலும் அதே கதைதான். மானிட்டர் வரவில்லை.

கெடிலக்கரையான்

அப்படின்னா கர்னல் அப்டேட் மேல பழி போட முடியாது. அப்டேட்தான் காரணம்னா பழைய கர்னல்ல மானிட்டர் திரும்பி வந்திருக்கணும். அதுக்கும் இதுக்கும் பொதுவான வேற ஏதோ மாறியிருக்கு.

நாலு மாட்யூல் பேர் இருக்குன்னா டிரைவர் வட்டுல இருக்கு, ஆனா ஒண்ணும் ஏறலைன்னு அர்த்தம். நூவோங்கிற திறந்தமூல டிரைவரும் ஏறாததுக்குக் காரணம், என்விடியாவோட சொந்த டிரைவரைப் போடும்போது அந்த பேக்கேஜே நூவோவைத் தடைப்பட்டியல்ல சேர்த்துடும். ஆக, அந்தச் சிப்புக்கு இப்ப ஆளே இல்லை.

இப்ப கையால ஏத்திப் பாருங்க: சூடோ மோட்ப்ரோப் என்விடியா. அது என்ன பதில் சொல்லுதோ ஒரு எழுத்து விடாம எழுதுங்க. அப்புறம் 'மோக்யூட்டில்' கட்டளைக்கு 'எஸ்பி ஸ்டேட்' விருப்பத்தைக் கொடுத்துப் பாருங்க.

பத்திரப்பறவை

முதலாவதுக்கு: 'குட் நாட் இன்சர்ட் என்விடியா: கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'.

இரண்டாவதுக்கு: 'செக்யூர்பூட் எனேபிள்ட்'.

ஆனால் மின்ட் நிறுவும்போது செக்யூர் பூட்டை (கையொப்பம் சரியாக உள்ள நிரலை மட்டும் ஏறவிடும் பயாஸ் பாதுகாப்பு) அணைத்துவிட்டுத்தான் நிறுவினேன். நன்றாக நினைவிருக்கிறது.

கெடிலக்கரையான்

மாட்டிக்கிச்சு. லேப்டாப் சமீபத்துல சர்வீஸுக்குப் போச்சா? பயாஸ் அப்டேட், மதர்போர்டு வேலை, பேட்டரி கழற்றினது, ஏதாவது?

பத்திரப்பறவை

ஆமாம்! மழையில் பை நனைந்து கீபோர்டு, பேட்டரி இரண்டையும் மாற்றக் கொடுத்திருந்தேன். வாங்கி வந்த அன்று சாயங்காலம் அப்டேட் எல்லாம் போட்டேன். அதற்கு அப்புறம்தான் மானிட்டரைச் செருகினேன், அதனால்தான் அப்டேட் மேல் சந்தேகம். பில்லில் 'பயாஸ் அப்டேட்' என்று ஒரு வரி இருக்கிறது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்காக விண்டோஸ் 11-ஐ ஓரமாக வைத்திருக்கிறேன். சர்வீஸிலிருந்து வந்ததும் அது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைக் கேட்டது. அச்செடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

சன்னல்காரன்

பாத்தீங்களா, விண்டோஸ் அன்னைக்கே சொல்லிடுச்சு.

கெடிலக்கரையான்

இந்த ஒரு தடவை சன்னல்காரர் சொல்றது சரி. விண்டோஸோட வட்டுப் பூட்டான பிட்லாக்கர் அந்த எண்ணைக் கேக்குறதே கணினியோட துவக்க அமைப்பு மாறினதாலதான். நல்ல தடயம் அது.

நடந்தது இதுதான். என்விடியா மாட்யூல் கர்னலோட சேர்ந்து வர்றது இல்லை. டிகேஎம்எஸ்னு ஒரு ஏற்பாடு ஒவ்வொரு கர்னலுக்கும் அதை உங்க மெஷின்லயே கட்டுது. கட்டும்போது உங்க மெஷின்ல உருவான ஒரு சாவியால கையொப்பமும் போடுது. செக்யூர் பூட் அணைஞ்சிருந்த வரைக்கும் அந்தக் கையொப்பத்தை யாரும் சரிபார்க்கலை. பயாஸ் அப்டேட்ல எல்லா அமைப்பும் ஆலை நிலைக்குத் திரும்பி செக்யூர் பூட் ஏறிடுச்சு. இப்ப கர்னல் கையொப்பத்தைப் பார்க்குது, 'இந்தச் சாவி எனக்குத் தெரியாது'ன்னு மாட்யூலைத் திருப்பி அனுப்புது. கர்னல் பதிவேட்டைப் புரட்டினா 'லோடிங் ஆஃப் மாட்யூல் வித் அனவெய்லபிள் கீ ஈஸ் ரிஜெக்டட்'னு அதே விஷயம் இன்னும் தெளிவா இருக்கும்.

உபுண்டுல சில கர்னலுக்கு கேனானிக்கலே கையொப்பம் போட்ட என்விடியா மாட்யூல் தனி பேக்கேஜா வரும். அதைப் போட்டிருந்தா இந்தத் தொல்லை இல்லை. உங்களுது டிகேஎம்எஸ் வழி.

வழி இரண்டு. பயாஸ்ல போய் செக்யூர் பூட்டைத் திரும்ப அணைக்கலாம். இல்லைன்னா உங்க மெஷின் சாவியை 'இது நம்ம வீட்டுச் சாவிதான்'னு பதிவு பண்ணலாம்.

அச்சகத்தார் (திருப்பாதிரிப்புலியூர்)

அணைச்சுட்டுப் போங்க மேடம். எங்க பிரஸ்ல ஒரு மெஷின்லயும் செக்யூர் பூட் கிடையாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்துல எவன் வந்து பூட்டுல கை வைக்கப் போறான்?

கெடிலக்கரையான்

உங்க பிரஸ்ல மேஜையை விட்டு நகராத மெஷினுக்கு அது சரிதான் அண்ணே. இவங்களோடது பையில போய் வர்ற லேப்டாப், உள்ள இருக்கிறது அடுத்தவங்க சொத்துப் பத்திரம். தவிர, செக்யூர் பூட்டை மாத்தினா விண்டோஸ் மறுபடி அந்த 48 இலக்கத்தைக் கேக்கும். நாளைக்கு இன்னொரு கடைக்காரர் பயாஸைத் தொட்டா மறுபடி இதே இழையை ஆரம்பிக்கணும். நானா இருந்தா சாவியைத்தான் பதிவேன்.

'வார்' அடைவுக்குள்ள 'லிப்', அதுக்குள்ள 'ஷிம்-சைன்டு', அதுக்குள்ள 'மோக்'. அங்க 'மோக்.டெர்'னு ஒரு கோப்பு இருக்கணும், பதிய வேண்டிய சாவி அதுதான். சூடோ போட்டு மோக்யூட்டில் கட்டளைக்கு 'இம்போர்ட்' விருப்பமும் அந்தக் கோப்போட முழுப் பாதையும் கொடுங்க. ஒரு கடவுச்சொல் கேக்கும். அது ஒரே ஒரு தடவை பயன்படப் போறது, அதுக்கப்புறம் மறந்துடலாம். ரீஸ்டார்ட் ஆகும்போது மின்ட் வர்றதுக்கு முன்ன நீலத் திரை ஒண்ணு வரும். 10 விநாடிக்குள்ள ஏதாவது ஒரு கீயை அழுத்தணும். டீ ஆத்தப் போயிட்டீங்கன்னா அது பாட்டுக்கு மேல போயிடும், இம்போர்ட்டைத் திரும்பப் பண்ணணும். உள்ள போனதும் 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'எஸ்', அந்தக் கடவுச்சொல், 'ரீபூட்'. நாலைஞ்சு திரைதான்.

பத்திரப்பறவை

நீலத் திரை வந்தது. 'என்ரோல் மோக்' வரை போய்விட்டேன். கடவுச்சொல் கொடுத்தால் பொருந்தவில்லை என்கிறது. மிக எளிய சொல்தான், பார்த்துப் பார்த்துத்தான் தட்டினேன். மீண்டும் இம்போர்ட் செய்து முதலிலிருந்து வந்தாலும் அதே பதில்.

கெடிலக்கரையான்

கேப்ஸ் லாக்?

பத்திரப்பறவை

இல்லை சார், பார்த்துவிட்டேன்.

லாஸ்பேட்டை லினக்ஸ்

அக்கா, ஒரு நிமிஷம். பிரெஞ்சு வேலை பாக்குறீங்கன்னு சொன்னீங்க. உங்க கீபோர்டு அஜெர்ட்டியா?

பத்திரப்பறவை

ஆமாம் தம்பி. பாரிஸில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய தனிக் கீபோர்டு. பிரெஞ்சில் உச்சரிப்புக் குறிகள் இல்லாமல் எழுதவே முடியாது. மின்ட்டிலும் பிரெஞ்சு லேஅவுட்தான். ஏன்?

லாஸ்பேட்டை லினக்ஸ்

அதான்க்கா! அந்த நீலத் திரைக்கு மின்ட் இன்னும் வரலை, உங்க லேஅவுட் அதுக்குத் தெரியாது. அமெரிக்கன் குவெர்ட்டின்னு நினைச்சு வாங்குது. மின்ட்ல நீங்க 'ஏ' தட்டினது அங்க 'க்யூ'ன்னு விழும். 'டபிள்யூ'வும் 'இசட்'டும் இடம் மாறும், 'எம்' வேற எங்கயோ இருக்கும், நம்பர் எல்லாம் ஷிஃப்ட் போட்டாதான் உங்களுக்கு வரும், அங்க ஷிஃப்ட் போட்டா குறி வரும். இரண்டு லேஅவுட்லயும் ஒரே இடத்துல இருக்கிற எழுத்தா மட்டும் வெச்சுக் கடவுச்சொல் போடுங்க. பி, சி, டி, இ, எஃப், ஜி, எச், இதெல்லாம் மாறாது. எங்க காலேஜ் லேப்ல பிரெஞ்சு டிபார்ட்மென்ட் மெஷின்ல இதுலயே ஒரு மத்தியானம் போச்சு.

கெடிலக்கரையான்

சபாஷ் தம்பி. இது எனக்குத் தோணியே இருக்காது.

பத்திரப்பறவை

வந்துவிட்டது!! மானிட்டர் எரிகிறது. டிஆர்எம் அடைவில் கார்டு1 வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் எச்டிஎம்ஐ-யில் 'கனெக்டட்'. எல்எஸ்பிசிஐ-யிலும் 'கர்னல் டிரைவர் இன் யூஸ்: என்விடியா'. தம்பிக்கும் சாருக்கும் மிக்க நன்றி. பாகப்பிரிவினை ஒரு பக்கமும் தமிழ் ஒரு பக்கமுமாக இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னக் குறை ஒன்று. மின்ட்டுக்குள் நுழைந்த பிறகு மானிட்டர் நெட்டுக்குத்தாகச் சரியாக இருக்கிறது. ஆனால் லாகின் திரை மட்டும் படுத்துக்கொண்டு வருகிறது, கழுத்தைச் சாய்த்துக் கடவுச்சொல் தட்ட வேண்டியிருக்கிறது.

கெடிலக்கரையான்

அது ஏன்னா, நீங்க செட்டிங்ஸ்ல திருப்பினது உங்க கணக்குக்கு மட்டும். சினமன் அதை உங்க வீட்டு அடைவுல இருக்கிற 'கான்ஃபிக்' உள்ள, 'சினமன்-மானிட்டர்ஸ்'ங்கிற எக்ஸ்எம்எல் கோப்புல எழுதி வெச்சுக்குது. லாகின் திரை லைட்டிடிஎம் பொறுப்பு, அதுக்கு உங்க கோப்பைப் படிக்கிற பழக்கம் இல்லை.

எக்ஸ்ரேண்டர்ங்கிற திரை அமைப்புக் கட்டளையை வெச்சு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அந்த மானிட்டரை 'ரொட்டேட் லெஃப்ட்'னு சொல்லணும். லைட்டிடிஎம்மோட அமைப்புக் கோப்புல 'டிஸ்ப்ளே-செட்டப்-ஸ்கிரிப்ட்'னு ஒரு வரி உண்டு, அதுல இந்த ஸ்கிரிப்ட்டோட பாதையைக் கொடுக்கணும். ஸ்கிரிப்ட்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறக்காதீங்க.

இதுல இரண்டு குழி இருக்கு. ஒண்ணு, வெளிவாயோட பேர். என்விடியா அமைப்பு 'ஆன்-டிமாண்ட்'ல இருந்தா எச்டிஎம்ஐ-1-0ன்னு பேர் வரும். முழுநேர என்விடியாவுக்கு மாத்தினா அதே துளை எச்டிஎம்ஐ-0 ஆயிடும். அதனால எக்ஸ்ரேண்டரை வெறுமனே ஓட்டி உங்களுக்கு என்ன பேர் காட்டுதோ அதையே எழுதுங்க, என் பதிவுலேர்ந்து எடுக்காதீங்க. 'இன்டெல் மட்டும்' வகைக்கு மாத்தினா துளையே மறைஞ்சிடும், பேட்டரி சேமிக்கலாம்னு அந்தப் பக்கம் போயிடாதீங்க.

இன்னொண்ணு மோசமான குழி. மானிட்டர் மாட்டாம லேப்டாப்பைத் திறக்கும்போது எக்ஸ்ரேண்டர் பிழை சொல்லும். ஸ்கிரிப்ட் பிழையோட முடிஞ்சா லைட்டிடிஎம் லாகின் திரையையே காட்டாம நின்னுடும். அதனால கடைசி வரியா 'எக்ஸிட் 0' கண்டிப்பா இருக்கணும். வாடிக்கையாளர் வீட்டுல போய் லேப்டாப்பைத் திறந்து கறுப்புத் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, இல்லையா.

லாஸ்பேட்டை லினக்ஸ்

அண்ணா, திருப்பி வெச்ச மானிட்டர்ல ஸ்க்ரோல் பண்ணா படம் குறுக்கால கிழியுமே, அதுக்கு என்ன பண்றது?

கெடிலக்கரையான்

என்விடியா செட்டிங்ஸ்ல 'ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்'னு ஒண்ணு இருக்கு, முழுநேர என்விடியா வகையில அதைப் போட்டா அடங்கும். ஆனா அவங்க பார்க்கிறது அசையாத பழைய காகிதம். அதுக்காக நாள் பூரா என்விடியா சிப்பை எரிய விட்டு லேப்டாப்பைச் சூடாக்குறது வீண். விடுங்க.

சன்னல்காரன்

இவ்வளவு பாடு எதுக்கு? லினக்ஸை உருவாக்கின டோர்வால்ட்ஸே 2012-ல ஃபின்லாந்துல மேடை போட்டு என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினாரே, ஞாபகம் இல்லையா?

கெடிலக்கரையான்

ஆல்டோ பல்கலைக்கழகத்துல, ஞாபகம் இருக்கு. அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு, 2022 மே மாசம், கர்னல் மாட்யூலோட மூலநிரலை அவங்களே திறந்து விட்டாங்க. ட்யூரிங் தலைமுறையும் அதுக்கு மேலயும் மட்டும் அது ஆதரிக்குது. நீங்க சொல்ற காலம் வேற, இப்ப வேற. அது போகட்டும், இந்த இழையில தப்பு பண்ணினது டிரைவர் இல்லையே. கையொப்பத்தைச் சரிபாருன்னு பயாஸ் சொல்லிச்சு, கர்னல் சரிபார்த்துச்சு. எல்லாரும் அவங்கவங்க வேலையைத்தான் பார்த்திருக்காங்க. பயாஸைத் தொட்டவர் பில்லுல எழுதினதை வாயாலயும் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை லினக்ஸ்

ட்யூரிங்னு சொன்னதும் கேக்கறேன் அண்ணா. என் டெஸ்க்டாப்ல ஜிடிஎக்ஸ் 1050. பேர்ல 'ஓப்பன்'னு முடியிற பேக்கேஜைப் போட்டேன், நல்லபடியா இன்ஸ்டால் ஆச்சு. ஆனா என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டினா 'நோ டிவைசஸ் வேர் ஃபவுண்ட்'. மானிட்டர் இரண்டும் போச்சு, இப்ப போன்லேர்ந்து எழுதறேன்.

கெடிலக்கரையான்

1050 பாஸ்கல் தலைமுறை, ட்யூரிங்குக்கு முந்தினது. திறந்த மாட்யூல் உன் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 1650-ன்னா ட்யூரிங், அங்க ஓடும். பேரைப் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ள வேற வேற. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினா எழுத்துத் திரை வரும். அங்க உள்ள போய் 'ஓப்பன்' பேக்கேஜை எடுத்துட்டு அதே எண்ணுல 'ஓப்பன்' இல்லாததைப் போடு. உன் கார்டுக்கு 580 வரிசைதான் கடைசி, மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா மூணுக்கும் அதோட முடிவுன்னு என்விடியா அறிவிச்சாச்சு. இருக்கறதுலயே பெரிய நம்பரா பாத்துப் போடச் சொன்னியே, அந்த யோசனை உன் கார்டுக்கே ஆகாது.

லாஸ்பேட்டை லினக்ஸ்

😅 வந்துருச்சு அண்ணா. இரண்டு மானிட்டரும்.

அச்சகத்தார்

கெடிலக்கரை சார், நம்ம ஊர்க்காரரா இருக்கீங்க, எனக்கும் ஒரு வழி சொல்லுங்க. பிரஸ்ல டிசைன் போடுற மெஷின், ரேடியான் கார்டு, இரண்டு மானிட்டர். ஒண்ணுல இங்க்ஸ்கேப், இன்னொண்ணுல கஸ்டமருக்குக் காட்ட ப்ரூஃப், அப்படித்தான் திட்டம். பையன் ஒருத்தன் வந்து மின்ட் போட்டுக் கொடுத்தான். இரண்டுலயும் ஒரே படம் வருது. அதுவும் எழுத்தெல்லாம் பெருசு பெருசா, பழைய டிவி மாதிரி. பிரிக்கவே முடியலை. நான் இங்க்ஸ்கேப்ல தப்பா அடிக்கிறதெல்லாம் கஸ்டமர் அப்பவே பார்த்துடறார்.

துறைமுகம் பக்கத்துல இருந்த பழைய கடைலேர்ந்து கொண்டு வந்த கேபிள். முனையெல்லாம் பச்சை பூத்திருக்கு. அதனாலயா இருக்குமா?

கெடிலக்கரையான்

உப்புக்காத்து பட்ட கேபிளைத் தூக்கிப் போடுங்க, அதுல சந்தேகமே இல்லை. மானிட்டர் 'நான் இன்ன ஆள், என்னோட அளவு இது'ன்னு கார்டுக்குச் சொல்றது இடிஐடிங்கிற தகவல். அது வர்றது கேபிள்ல தனியா இருக்கிற சின்னக் கம்பிகள் வழியா. அந்த முனை பூத்துப் போனா படம் வரும், அளவு மட்டும் தப்பா வரும். எச்டிஎம்ஐ-யை விஜிஏ-வா மாத்துற மலிவான டப்பாக்களும் இதே சேட்டை பண்ணும்.

ஆனா உங்களுக்கு இரண்டு திரையும் ஒரே மாதிரி தப்பா இருக்கு. இரண்டு கேபிளும் ஒரே நாள்ல கெடறது அபூர்வம். எக்ஸ்ரேண்டர்னு தட்டிப் பாருங்க. 'ஃபெயில்டு டு கெட் சைஸ் ஆஃப் காமா ஃபார் அவுட்புட் டிஃபால்ட்'னு வருதா?

அச்சகத்தார்

அப்படியேதான் வருது! கீழ 'டிஃபால்ட்'னு ஒரே ஒரு பேர். 1024க்கு 768.

கெடிலக்கரையான்

நினைச்சேன். 'ப்ராக்' அடைவுல 'சிஎம்டிலைன்'னு ஒரு கோப்பு, அதை 'கேட்' பண்ணிப் பாருங்க. 'நோமோட்செட்'னு ஒரு வார்த்தை இருக்கும்.

அச்சகத்தார்

இருக்கு சார். கடைசில.

கெடிலக்கரையான்

மின்ட் நிறுவும்போது திரை கறுத்துப் போச்சுன்னா 'காம்பேட்டபிலிட்டி மோட்'னு ஒண்ணுல ஏறுவாங்க. அந்த வழியில இந்த வார்த்தை போகும். 'கிராபிக்ஸ் டிரைவரை ஏத்தாதே, பயாஸ் கொடுத்த படத்தையே வெச்சு ஓட்டு'ன்னு கர்னலுக்கு உத்தரவு. நிறுவி முடிக்கிற வரைக்கும் நல்ல ஊன்றுகோல். அதுக்கப்புறம் அதை எடுத்துடணும். பையன் எடுக்காம போயிட்டான். ரேடியானுக்கு டிரைவர் கர்னலுக்குள்ளயே இருக்கு, தனியா எதையும் போட வேண்டாம். தடையை எடுத்தா தானா ஏறும்.

'இடிசி'க்குள்ள 'டிஃபால்ட்', அதுல 'க்ரப்'. அந்தக் கோப்பைச் சூடோவோட திறந்து நோமோட்செட்டை மட்டும் அழிங்க, பக்கத்துல இருக்கிற மேற்கோள் குறியை அழிச்சுடாதீங்க. சேமிச்சுட்டு சூடோ அப்டேட்-க்ரப், ரீஸ்டார்ட். அதுக்கு முன்ன டைம்ஷிஃப்ட்ல ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கோங்க, முகூர்த்த நேரத்துல மெஷின் படுத்தா என் பேரைச் சொல்லாதீங்க.

பத்திரப்பறவை

லாகின் திரையும் நிமிர்ந்துவிட்டது சார். என் மெஷினில் எச்டிஎம்ஐ-1-0 என்றுதான் பெயர் காட்டியது. மானிட்டரைக் கழற்றியும் திறந்து பார்த்தேன், 'எக்ஸிட் 0' இருப்பதால் லாகின் வழக்கம்போல் வருகிறது. சாவியைப் பதிந்த பிறகு விண்டோஸும் அந்த நீள எண்ணைக் கேட்கவில்லை.

மட்டுறுத்துநர் கவனத்துக்கு: தலைப்பில் 'கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு' என்று இருப்பது தேடி வருகிறவர்களைத் திசை திருப்பும். 'செக்யூர் பூட்' என்று சேர்க்க முடியுமா?

மட்டுறுத்துநர்

தலைப்பை அப்படியே விடுகிறேன். இந்தப் பிரச்சினை வருகிறவர்கள் 'கர்னல் அப்டேட்' என்றுதான் தேடுவார்கள். குறிச்சொல்லில் 'செக்யூர் பூட்', 'மோக்', 'அஜெர்ட்டி' மூன்றையும் சேர்த்துவிட்டேன்.

அச்சகத்தார்

சார், இரண்டு திரையும் தனித்தனியா வந்துருச்சு! 1920க்கு 1080, கத்தி மாதிரி. இந்த முகூர்த்தத்துக்கு நீங்க ஒரு கல்யாணப் பத்திரிகை கேட்டாலும் இலவசமா அடிச்சுத் தர்றேன். ஒரே ஒரு சந்தேகம். ப்ரூஃப் காட்டுற திரைல சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சா தெரியுது, அச்சுல சரியா வருது.

மட்டுறுத்துநர்

நிறச் சீரமைப்புக்குத் தனி இழை தொடங்குங்கள் அச்சகத்தாரே. மானிட்டர் மாடலையும், அதன் சொந்த மெனுவில் நிற வகை எதில் இருக்கிறது என்பதையும் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள். இதைத் தீர்ந்தது எனக் குறிக்கிறேன்.